தொரட்டியைக் கீழே போடு

மூன்று மணிக்கே பதினேழாம் நிரையில்
விளக்கு வைக்கிற இருட்டு.
செம்பனை ஓலைகள் ஒரே பக்கமாய்த் திரும்பி
வெளிறிய அடிவயிற்றைக் காட்டின.
பறவைகளை விடு, ஒரு கொசுகூட இல்லை.

நான் உதிரிப்பழம் பொறுக்குகிறவள்.
குனிந்தே கிடப்பவளுக்கு
வானம் முதுகில்தான் தெரியும்.
சட்டைக்குள் ஒரு குளிர் புகுந்தது.

"இன்னும் நாலே குலை அக்கா" என்றான் கபீர்.
சில்ஹெட்டிலிருந்து வந்தவன்.
தமிழை எங்களிடமே கற்றுக்கொண்டு
கெட்ட வார்த்தையில் மட்டும் எங்களை மிஞ்சியவன்.
நாலு குலைக்கு எவ்வளவு என்று
அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.
மேலே இருப்பதற்குத்தான் தெரியாது.

அவன் பிடித்திருந்தது நாற்பதடி அலுமினியம்,
நுனியில் அரிவாள்.
இருநூறு ஏக்கரில்
வானத்துக்கு மிக அருகில் இருந்தவை
அவனுடைய பத்து விரல்கள்.

மின்னியது.
எண்ணினேன். ஒன்று, இரண்டு,
மூன்றை இடியே சொல்லிவிட்டது.

போடுடா கீழே, என்று கத்தினேன்.
கம்பெனி சாமான், என்றான்.
போன மாதம் அரிவாள் முறிந்ததற்கு
அறுபது வெள்ளி பிடித்த சீட்டை
பர்சில் வைத்திருக்கிறான்,
மகள் படத்துக்குப் பின்னால்.

கையிலிருந்த பழத்தை அவன் முதுகைப் பார்த்து எறிந்தேன்.
அடுத்தது தோளில்.
மூன்றாவது காதில் சரியாகப் பட்டது.
என்னைத் திட்டுவதற்குக் கை வேண்டியிருந்தது அவனுக்கு.
விட்டான்.
தொரட்டி சரிந்து மட்டையில் மாட்டித் தொங்கியது.

அவன் மரத்தடிக்கு ஓடப் பார்த்தான்.
சட்டையைப் பிடித்து இழுத்தேன், கிழிந்தது.
செம்மண் பாதையில் மண்டோர் தர்மசீலனின் ஹைலக்ஸ்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரேடியோவைப் போட்டு
கச்சாங் கொறித்துக்கொண்டிருந்தார்.
நாங்கள் தட்டியதும்
சீட்டை ஒருமுறை பார்த்தார்,
எங்கள் சேற்றை ஒருமுறை பார்த்தார்.
அந்த யோசனையின் நீளம்
இன்னும் என் முழங்காலில் இருக்கிறது.
பிறகு பூட்டு எடுத்தது.

கதவைச் சாத்தவும்
நாங்கள் நின்ற இடம் வெள்ளையானது.
சத்தம் காதில் இல்லை, பல்லில் கேட்டது.
ரேடியோ செத்துப்போனது.
மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.
கச்சாங் பொட்டலத்தை
தர்மசீலன் பின்பக்கம் நீட்டினார்.

மறுநாள் போய்ப் பார்த்தோம்.
பனையின் தலை கரிந்து,
தொரட்டி நடுவில் குமிழ்விட்டு வளைந்து,
கீழே என் மூன்று பழங்கள்.
இரண்டை எடுத்துச் சாக்கில் போட்டேன்.
மற்றதை எறும்பு கேட்டது.

மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு:
தொரட்டி, நூற்றெண்பது வெள்ளி.

ஞாயிறன்று புக்கிட் ரோத்தான் கடைத்தெருவில்
கபீர் வீட்டுக்குப் பணம் அனுப்பினான், கொஞ்சம் குறைவாக.
போனில் மகள் என்னவோ கேட்டாள்.
இங்கே மழை, என்று மட்டும் சொன்னான்.
வெளியே தூறிக்கொண்டிருந்தது. இடிகூட இல்லை.
என் குடையை நீட்டினேன்.
அதன் கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிறகு தலையில் கைகளை வைத்துக்கொண்டு
பஸ் நிற்கிற இடம் வரைக்கும்
நனைந்துகொண்டே ஓடினான்.